சிறியதோ, பெரியதோ? நுண்ணலையடுப்புத் தெரிவு

ஒரு பொருளை வாங்குதல் வேறு, தெரிதல் வேறு. வாங்குதற்குப் பணம் போதும். தெரிதற்கு அறிவு வேண்டும். பணம் மிகுந்தவர் தெரியாமலே வாங்கலாம். பிழைத்தால் இன்னொன்று வாங்கலாம். சம்பளத்தை எண்ணிச் செலவிடுவோர்க்கு அவ்வாறு செய்தல் இயலாது. ஆசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகுப்பினர். ஆதலின், தெரிதல் பற்றிய ஆராய்ச்சி நமக்கே சிறப்பாக உரியது.

இக்காலத்திலே நம் வீடுகளிற் புகுந்துகொண்டிருக்கும் பொருள்களுள் ஒன்று நுண்ணலையடுப்பு. மைக்குறோவேவ் என்று வழங்குவர். இலக்கியம் பேசும் பக்கத்திலே அடுப்புக்கு என்ன அலுவல் என்று முகஞ்சுளிப்பார் உளராயின், அவர்க்கு ஒன்று சொல்வேன். திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தை வைத்து, அதனையடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை முறைப்பட வைத்தார். அவை அரசனை நோக்கிக் கூறப்பட்டவை என்பது மெய். ஆனால், போர்க்களத்திலே அரசனுக்கு வேண்டும் அறிவு, அடுக்களையிலே இல்லத்தலைவிக்கு வேண்டாவென்று எவரும் விதிக்கவில்லை. அம்மூன்றையுமே அளவுகோலாகக் கொண்டு இத்தெரிவை நோக்குவோம்.

கடையிலே இருவகைப் பொறிகள் அருகருகே நிற்கும். ஒன்று சிறியது. 20 லீற்றர் கொள்ளும் வயிறு. 700 வாற்று வலு. முகத்திலே இரண்டு குமிழ்கள். ஒரு குமிழ் வலுவைக் கூட்டவும் குறைக்கவும், மற்றது நேரத்தை வைக்கவும் உதவும். அடுத்து நிற்பது பெரியது. 30 லீற்றர் அளவிலான வயிறு. 900 அல்லது 1,000 வாற்று வலு. குமிழுக்குப் பதிலாகத் தொடுபலகை. மேலே வாட்டுதற்கு ஒரு வெப்பச்சுருள். வெங்காற்றைச் சுழலவிட்டு வெதுப்பும் விசிறி. தானே நேரங் கணித்துச் சமைக்கும் பற்பல முறைகள். இதன் விலை பெரும்பாலும் முன்னதன் விலையில் இருமடங்கைக் கடக்கும். விற்பனையாளரோ, “இன்னுஞ் சிறிது பணம் போட்டால்” என்று தொடங்குவார். அந்த ‘இன்னுஞ் சிறிது’ என்னும் இடத்திலேதான் நம் ஆராய்ச்சியும் தொடங்கவேண்டும்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். நம்மவர் வீடுகளுட் பெரும்பாலானவற்றுக்குச் சிறியதே தக்கது. மலிவானது என்பதனால் அன்று; செய்யவேண்டிய தொழிலுக்கு அதுவே அளவானது என்பதனால். பெரியதே வேண்டும் வீடுகளும் உள. அவை எவை என்பதையும் மறையாது கூறுவேன்.

சிறியது பழைமையானது, பெரியது முன்னேறியது என்றொரு மயக்கம் நம்மிடையே உண்டு. வரலாறு அதற்கு மாறானது. 1940ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், யோன் றண்டல், ஹரி பூற் என்னும் இருவர், பகைவரின் விமானங்களைக் கண்டறியும் றேடார்க் கருவிக்கென மக்னெற்றோன் என்னும் அலையாக்கியைப் புதுவகையில் அமைத்தனர். 1945ஆம் ஆண்டிலே, அமெரிக்காவில் றேதியோன் கொம்பனியிற் பணிபுரிந்த பேர்சி ஸ்பென்சர் என்பவர், அவ்வலையாக்கியின் அருகே நின்றபொழுது தம் சட்டைப்பையிலிருந்த இனிப்புக்கட்டி உருகியிருத்தலைக் கண்டார் என்பர். அவ்வழியாகப் பிறந்து, 1947ஆம் ஆண்டளவில் வெளிவந்த முதற்பொறி ஏறத்தாழ ஆறடி உயரம். 340 கிலோகிராம் நிறை. வீட்டு மேசையில் வைக்கத்தக்க சிறு பொறி 495 டொலர் விலைக்கு அந்நாட்டுச் சந்தைக்கு வந்தது 1967ஆம் ஆண்டிலேதான். பெரியதிலிருந்தே சிறியது பிறந்தது என்க. யானையைப் பூனையாக்குதற்கு அறிஞர்க்கு இருபது ஆண்டு சென்றது. அப்பூனையை மீண்டும் யானையாக்கி வாங்குமுன், நமக்கு வேண்டியது எலி பிடித்தலோ, மரம் இழுத்தலோ என்று சிறிது எண்ணுதல் நன்று.

இனி, வலியறிதலை எடுத்துக்கொள்வோம். ஈண்டு அறியவேண்டிய வலி மூன்று: தொழிலின் வலி, பொறியின் வலி, நம் கைப்பொருளின் வலி.

நம் வீட்டிலே இப்பொறி செய்யும் தொழில் யாது? மத்தியானச் சோற்றை இராவிலே சுடவைத்தல், நேற்றைய குழம்பைக் காய்ச்சுதல், பாலைச் சூடாக்குதல், குளிர்ப்பெட்டியில் உறைந்த மீனை இளக்குதல். இவ்வளவே. புட்டும் இடியப்பமும் நீராவியிலே அவிய வேண்டியவை. அவற்றுக்கு நீத்துப்பெட்டியும் தட்டுமே உரியவை. தாளிதம் எண்ணெயிலே வெடிக்கவேண்டியது. பொரியல் மொறுமொறுப்பாக வேண்டியது; அதனை இப்பொறியில் வைத்தால் இளகித் துவளும். இப்பொறியின் அலைகள் செக்கனுக்கு 245 கோடி முறை அதிர்வன. உணவிலுள்ள நீரின் மூலக்கூறுகளை அலைத்து, அவ்வலைப்பினாலே வெப்பம் பிறப்பிப்பன. நீரைச் சூடாக்கவல்ல இவ்வலைகள் மேற்றோலைச் சிவக்கச்செய்ய வல்லன அல்ல. எனவே, சூடாக்குதலே இதன் இயல்பான தொழில். அத்தொழிலைச் சிறியதும் செய்யும்.

பொறியின் வலியை நோக்குமிடத்து, லீற்றரை வலியென்று மயங்குதல் ஆகாது. லீற்றர் இடத்தின் அளவு. வாற்றே வலியின் அளவு. அலைகள் பெட்டியினுள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்குவதில்லை. ஆதலின், வலி ஒத்ததாயின் ஒரு கோப்பைச் சோறு பெரிய பெட்டியிலும் சிறிய பெட்டியிலும் ஏறத்தாழ ஒரே நேரத்திலே சூடாகும். வலி வேறுபடின் என்னாகும்? 700 வாற்றுப் பொறியிலே மூன்று நிமிடம் செல்லும் கோப்பைக்கு, 1,000 வாற்றுப் பொறியிலே இரண்டு நிமிடமும் ஆறு செக்கனும் செல்லும். மிச்சம் 54 செக்கன். கை கழுவி வந்து இருக்கும் நேரம் அது. 54 செக்கன்களை இருமடங்கு விலை கொடுத்து வாங்குபவர், அவற்றைக் கொண்டு யாது செய்வார் என்று கேட்டல் குற்றமாகாது.

மேலும் ஒன்று. இவ்வலைகள் உணவினுள்ளே சில சென்ரிமீற்றர் ஆழமே செல்வன. அதற்கு உள்ளே இருக்கும் பகுதி, வெளியிலிருந்து வெப்பம் மெல்ல மெல்லக் கடத்தப்பட்டே சூடாகவேண்டும். பெரும்பொறியின் மிகுவலி வெளிப்புறத்தைக் கொதிக்கச் செய்யும். நடுவிலே குளிர் நிற்கும். இடையிலே நிறுத்திக் கிளறிவிடுதலும், எடுத்தபின் இரண்டு நிமிடம் மூடி வைத்தலும் இருபொறிக்கும் வேண்டும். கிளறும் கையை எந்த விலையுயர்ந்த பொறியும் இன்னும் தரவில்லை.

நடுநிலை கருதி, பெரும்பொறியின் ஒரு சிறப்பை ஈண்டுக் கூறவேண்டும். சாதாரணப் பொறியிலே ‘அரைவலு’ என்று குமிழைத் திருப்பினால், அது உண்மையில் அரைவலுவிலே எரிவதில்லை. முழுவலுவிற் சிறிது நேரம் எரிந்து, சிறிது நேரம் அணைந்து, மாறி மாறி நடக்கும். விலைகூடிய பொறிகளுட் சிலவற்றிலுள்ள இன்வேட்டர் என்னும் அமைப்போ, வலுவை உண்மையாகவே குறைத்து, இடையறாது மெல்லெனச் செலுத்தும். உறைந்த மீனை இளக்குமிடத்து இதன் அருமை விளங்கும். சாதாரணப் பொறியிலே மீனின் ஓரம் வெந்துபோக நடு உறைந்திருக்கும். நாடோறும் உறைந்த மீனையே ஆளும் வீட்டுக்கு இது பயன். காலையிலே சந்தையில் மீன் வாங்கி, அன்றே கறி வைக்கும் வீட்டுக்கு இதனால் வரும் பயன் யாது?

கைப்பொருளின் வலி மூன்றாவது. விலை ஒருமுறை கொடுப்பது; மின்கட்டணம் மாதந்தோறும் கொடுப்பது. 700 வாற்று வலுவைத் தரும் பொறி சுவரிலிருந்து 1,100 வாற்றளவில் இழுக்கும். அக்கணக்கின்படி, மூன்று நிமிடம் சூடாக்கும் பதினெட்டுக் கோப்பைச் சோற்றுக்கு ஓர் அலகு மின் செல்லும். இது அஞ்சத்தக்க செலவன்று. வெங்காற்று வெதுப்பலோ வேறு. 2,000 வாற்றளவில் இழுக்கும் வெப்பச்சுருளைக் கொண்டு நாற்பது நிமிடம் கேக் வெதுப்பினால், அது விட்டுவிட்டு எரியினும், ஓர் அலகளவும் செல்லலாம். தொடுபலகையிலே இரவும் பகலும் ஒளிரும் மணிக்கூடும் சும்மா ஒளிர்வதன்று. அது 2 வாற்று உண்ணுமெனக் கொண்டால், ஆண்டுக்கு 17 அலகுக்கு மேற் செல்லும். முந்நூறு கோப்பைச் சோற்றைச் சூடாக்கும் மின்னை, நேரம் பார்த்துக்கொண்டே அப்பொறி உண்டுவிடும். இரண்டு குமிழ்களே உள்ள சிறுபொறி, வேலையில்லாத பொழுது உண்பதும் இல்லை.

காலமறிதல் அடுத்தது. காலம் என்றது நாம் வாழும் காலத்தையும், வீட்டின் பருவத்தையும்.

2022ஆம் ஆண்டை நாம் மறத்தல் கூடாது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிகழ்ந்தது. சமையல் வாயுவும் கிடையாது மக்கள் வரிசையிலே நின்றனர். ஓகஸ்ற் மாதத்திலே மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 உயர்ந்தது. 2023 பெப்ரவரியிலே மேலும் நூற்றுக்கு 66 உயர்ந்தது. பின்னர்க் குறைப்புக்களும் வந்தன. எனினும், அக்காலம் கற்பித்த பாடம் குறையவில்லை. மின்னை நம்பிய பெட்டி எத்துணைப் பெரிதாயினும், மின் இல்லாதபொழுது வெறும் பெட்டியே. வாயுவடுப்பையும் கொடுத்துவிட்டு, எல்லாத் தொழிலும் செய்யுமென்று ஒரு பெரும்பொறியிலே முழு நம்பிக்கையும் வைத்தல் ஆகாது. துணையடுப்பாக இருத்தலே இதற்கு இயல்பு. துணைக்குச் சிறியது போதும்.

வீட்டின் பருவம் என்றேன். நம் ஊர்களிலே எத்தனையோ வீடுகளில் இன்று முதியவர் இருவரே இருக்கின்றனர்; சில வீடுகளில் ஒருவரே. பிள்ளைகள் கடல்கடந்து வாழ்கின்றனர். கை நடுங்கும் தாயார் இரவிலே வாயுவடுப்பை மூட்டிப் பால் காய்ச்சுகின்றார். அடுப்பை அணைத்தாரோ, இல்லையோ என்னும் அச்சம் தொலைவிலுள்ள மகளின் உறக்கத்தைக் கெடுக்கின்றது. இவ்விடத்திலே நுண்ணலையடுப்பு ஆடம்பரமன்று, காவல். தீயில்லை, வாயுவில்லை, நேரம் முடிந்தால் தானே அணையும், கதவைத் திறந்தாலும் அலை நிற்கும். இதைக் கருதி ஒரு பிள்ளை பணம் அனுப்புமாயின், அது நல்ல பிள்ளை.

ஆனால், அப்பிள்ளை அனுப்பும் அன்பு பெரும்பாலும் பெரிய பெட்டியின் வடிவிலே வருகின்றது. எங்கள் ஊரிலே அத்தகைய வீடொன்றை அறிவேன். பெட்டி வந்தது, வாட்டும், வெதுப்பும், தானே சமைக்கும். அம்மையார்க்குத் தமிழ் எழுத்தன்றி வேறெழுத்துத் தெரியாது. பொறியின் முகத்திலே தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. பேரன் ஒருவன் வந்து, ‘இதை அழுத்தினால் அரை நிமிடம்’ என்று ஒரு பொத்தானைக் காட்டிச் சென்றான். அன்று தொட்டு அந்த ஒரு பொத்தானே அம்மையாரின் பொறி. ஏனைய பொத்தான்கள் அணிகலன். பெட்டியின் மேலே பின்னல் விரிப்பும், அதன்மேலே பூச்சாடியும் இருக்கின்றன. காற்றுப் போகும் துளைகளை விரிப்பு மூடுகின்றது என்று நான் சொன்னபிறகு, விரிப்பு சிறிது சுருங்கிற்று. பூச்சாடி அங்கேயே இருக்கின்றது.

ஆளப்படாத ஆற்றல், ஆற்றல் என்று எண்ணப்படாது. ஒரு பொத்தானை மட்டும் ஆள்பவர்க்கு அப்பெரும்பொறியும் சிறுபொறியே. விலை மட்டும் பெரியது. குமிழோ மொழி கேளாது. வலப்புறம் திருப்பினால் நேரம் கூடும். கண் மங்கினும் கை அறியும். முடிந்தால் மணி ஒலிக்கும். எழுத்தறியாதவரும், எழுத்துத் தெரியாமற் போன முதுகண்ணரும் அதனை ஆள்வர். தமிழ் பேசும் மக்களுக்கு விற்கும் பொறியிலே தமிழெழுத்து இருத்தல் வேண்டும் என்று கேட்டல் நம் உரிமை, கேட்கவேண்டும். அது வருங்காறும் குமிழே நம் தாய்மொழி.

மூன்றாவது இடனறிதல். யாழ்ப்பாணத்தார் அடுக்களையைக் குசினி என்பர்; பாண் வெதுப்பும் அடுப்பைப் போறணை என்பர். இரண்டும் போர்த்துக்கேயரோடு வந்த சொற்கள். வந்தவை இன்று நம் வீட்டுச் சொற்களாய் இருந்து ஊழியஞ் செய்கின்றன. புதியது புகுதல் பிழையன்று; புகுந்தது இடத்தோடு பொருந்தவேண்டும் என்பதே முறை. நுண்ணலையடுப்பு நம் குசினியிலே பொருந்துமா என்று பார்க்கச் செல்பவர், முதலிலே பாத்திர அலுமாரியைத் திறந்து பார்க்கவேண்டும். அங்கே இருப்பன எவர்சில்வர்ச் சட்டியும், அலுமினியப் பானையும், பித்தளைச் செம்புமாயின், அவற்றுள் ஒன்றும் இப்பொறியினுட் புகுதல் ஆகாது. உலோகம் அலைகளைத் திருப்பியெறியும், பொறியும் பறக்கும். பொன்வரி இட்ட பீங்கானும் அவ்வாறே. பொலித்தீனிற் சுற்றிய சோற்றுப்பொதியை அப்படியே வைத்தலும் தீது. எனவே, பொறி வாங்கும் பணத்தோடு, வெப்பந் தாங்கும் கண்ணாடிப் பாத்திரமும் பீங்கான் கோப்பையும் வாங்கும் பணமும் சேர்த்து எண்ணப்படவேண்டும். பெரும்பொறிக்கு எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு, உள்ளே வைக்கப் பாத்திரமின்றி நிற்றலினும், சிறுபொறியும் நான்கு நல்ல பாத்திரமும் கொள்ளுதல் அறிவுடைமை.

சிறுபொறியின் சுழல்தட்டு ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் அகலம். நாம் உண்ணும் கோப்பை அதனுள்ளே சுழலும். அது சுழலவேண்டும், ஏனெனில், பெட்டியினுள்ளே அலைகள் ஓரிடத்திற் செறிந்தும் ஓரிடத்தில் ஐதாகியும் நிற்பன, சுழன்றாலன்றிச் சூடு எங்கும் பரவாது. விருந்துக்குரிய பெருந்தட்டு அங்கே சுழலாது. அதற்குப் பெரும்பொறியே வேண்டும். ஆனால், ஆண்டுக்கு இருமுறை வரும் விருந்துக்காக ஆண்டு முழுவதும் மேசையிற் பாதியை இழத்தல் சிக்கனமாகாது.

வீட்டின் மின்னிணைப்பும் இடத்தின் பாற்பட்டதே. பழைய வீடுகளிலே, ஒரே குதையில் நீட்டுப்பலகை செருகி, அதிலே கேத்திலும், மின்னழுத்தியும், பெரும்பொறியும் ஒருங்கே தொழிற்படுதலைக் காண்கின்றோம். மயிலின் தோகை நொய்யதே; அதனையும் அளவின்றி ஏற்றினால் வண்டி என்னாகும் என்று வலியறிதலிலே வள்ளுவர் காட்டியது நம் பழைய கம்பிகளுக்கும் பொருந்தும். பொறி எதுவாயினும் தனிக்குதை வேண்டும்.

அற்றேல், பெரும்பொறி எவர்க்கும் வேண்டாவோ எனின், அவ்வாறன்று. ஆறேழு பேர் ஒருங்கிருந்து உண்ணும் வீட்டுக்கு அது வேண்டும். ஒவ்வொரு கோப்பையாகச் சூடாக்கினால் முதலாமவர் உண்டு முடிய ஏழாமவர் இருப்பார். வீட்டிலிருந்தே கேக்கும் பிஸ்கற்றும் வெதுப்பி விற்று, அதனாற் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்ணுக்கு அது வேண்டும்; வேறு போறணை இல்லாத அவளுக்கு அது தொழிற்கருவி. தச்சன் உளி வாங்குதல்போல அவள் அதனை வாங்கலாம். அவள் தவணை கட்டி வாங்கினும் நான் குறைகூறேன்; அப்பொறி தன் விலையைத் தானே உழைத்துக் கொடுக்கும். உழைக்காத பொறிக்குத் தவணை கட்டுதலே துன்பம். மூன்று பேர் உள்ள ஆசிரியர் குடும்பம், அயல்வீட்டில் உண்டு என்பதற்காகப் பெரியதை வாங்கி, பன்னிரண்டு மாதம் சம்பளத்திலே கழிவு கொடுத்தலைப் பார்த்திருக்கின்றோம். அந்தப் பன்னிரண்டு மாதமும் அவ்வீட்டிலே வாங்கப்படாத புத்தகங்களுக்கும், பின்போடப்பட்ட கண்ணாடிக்கும், தள்ளிவைக்கப்பட்ட பற்சிகிச்சைக்கும் கணக்கு எழுதுவார் இலர்.

இன்னொரு செய்தி உண்டு. பொறியைத் தெரிபவர் பெரும்பாலும் ஆடவர், ஆள்பவர் பெண்டிர். அவர் கடையிலே வாற்றுக் கணக்கும் பொத்தான் கணக்கும் கேட்டு நிற்பார். நாடோறும் அதன்முன் நிற்கவேண்டியவர் வீட்டிலே இருப்பார். இது முறையன்று. எந்த உயரத்தில் வைத்தால் கொதிக்கும் பாத்திரத்தைக் கை தாங்கும், எந்தக் கோப்பையில் உண்கின்றோம், மீன் உறைந்து வருவதோ புதிதாய் வருவதோ என்பன அவர்க்கே தெரியும்.

ஆதலின், வாங்கக் கருதுவோர்க்கு நான் கூறும் வழி இதுவே. கடைக்குப் போகுமுன் ஒரு கிழமைக்கு, இன்று எதனைச் சூடாக்கினோம், எத்தனை பேருக்குச் சூடாக்கினோம் என்று ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். உண்ணும் கோப்பையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அடுக்களையிலே நிற்பவரைக் கடைக்கு உடனழைத்துச் செல்லுங்கள். முதியவர்க்காக வாங்குவதாயின், அவர் கையாலேயே பொறியை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அத்தாளிலே வெதுப்பலும் பெருந்தட்டும் மீண்டும் மீண்டும் வருமாயின் பெரியதை வாங்குங்கள். சோறும், குழம்பும், பாலுமே வருமாயின் சிறியதை வாங்கி, மிகுந்த பணத்தை வீட்டிலே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேலை தானே வரும்.